65 என்று வெட்டிய வாட்ச்

பழைய வாட்ச் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அதைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். டயலைப் புதுசு பண்ணக் கொடுக்காதீர்கள். பின்மூடியில் எதையும் வெட்டக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர் விமானப்படையில் இருந்தவர். பைலட் இல்லை. தரையில் நின்று விமானங்களுக்கு வேலை பார்க்கும் பிரிவு. ஓய்வு பெற்று வந்து வேங்கிக்காலில் வீடு கட்டினார். அப்போது இந்தப் பக்கம் கலெக்டர் ஆபீஸும் கிடையாது, இத்தனை வீடும் கிடையாது. ஏரியும் வேலூர் ரோடும்தான். மனுஷர் மூன்று வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார்.

அவரிடம் ஒரு வாட்ச் இருந்தது. கறுப்பு டயல், வலது பக்கம் சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள், டயலுக்குள் இரண்டு சின்ன வட்டங்கள். 71 யுத்தத்தின்போது ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு விமானத்தைச் சரி செய்து கொடுத்தாராம். போய்த் திரும்பி வந்த பைலட், கையிலிருந்ததைக் கழட்டி இவர் கையில் கட்டிவிட்டாராம். இந்தக் கதையை எங்கள் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் ஒரு தடவை சொல்லிவிடுவார். நாங்களும் சிரித்துக்கொண்டே கேட்போம். நம்பினோமா என்றால், பாதி நம்பினோம்.

போன மாதம், பௌர்ணமிக் கூட்டமெல்லாம் கலைந்து ரோடு மறுபடி நம் கைக்கு வந்த மறுநாள் காலையில், அவர்களுடைய மகன் அந்த வாட்சை எடுத்துக்கொண்டு வந்தான்.

“மாமா, உங்களுக்கு வாட்ச் பத்தித் தெரியுமே. இது என்ன விலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லுங்களேன். நல்லா ரெடி பண்ணி வச்சிருக்கேன்.”

ரெடி பண்ணி வைத்திருந்தான். அதுதான் வயிற்றெரிச்சல். டயல் பளபளவென்று இருந்தது. உறையில் ஒரு கீறல் இல்லை. திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் “ஐ.ஏ.எஃப். 1965” என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. பெருநகரத்தில் ஒரு கடையில் கொடுத்து 4,500 ரூபாய் செலவு செய்திருக்கிறான். “பின்னாடி எழுத்து மங்கிப் போயிருந்துச்சாம் மாமா, அவங்களே தெளிவா வெட்டிக் கொடுத்துட்டாங்க” என்றான்.

நான் 32 வருஷம் கருவூலத்தில் பில்லையும் கையெழுத்தையும் முத்திரையையும் சரிபார்த்தே காலத்தை ஓட்டியவன். ஒரு கையெழுத்து ரொம்ப அழகாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். இந்த வாட்சைப் பார்த்ததும் அதே மாதிரிதான் இருந்தது.

இந்த வகை வாட்சுக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். சாதாரண நொடி முள் இடது பக்கச் சின்ன வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் நீளமான மெல்லிய முள் சும்மா நிற்கும். மேல் பொத்தானை அழுத்தினால் அது ஓட ஆரம்பிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் டக்கென்று 12-க்குத் திரும்பும். வலது பக்க வட்டம் எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எண்ணும். பெரும்பாலும் 30 வரைக்கும். பைலட்டுக்கு இது எதற்கு? செயற்கைக்கோள் வழிகாட்டாத காலம். இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிஷம் போனால் இந்த இடத்துக்கு வருவோம் என்று கணக்குப் போட்டுத்தான் பறந்தார்கள். நிமிஷத்துக்குப் பத்து கிலோமீட்டர் போகிற விமானத்தில் அரை நிமிஷம் கணக்குத் தப்பினால் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். விமானத்திலேயே கடிகாரம் இருந்தாலும் கையிலும் ஒன்று கட்டியிருப்பார்கள்.

தேரடி வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். இப்போது பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் மாற்றுவதும்தான் அவருக்கு வேலை. சாவி கொடுக்கிற வாட்சைக் கொண்டுபோனால் முகம் மலர்ந்துவிடும். மூன்று பேருமாகப் போனோம். பின்மூடியைத் திறக்கும் முன்பே லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்த வெட்டெழுத்தைப் பார்த்தார்.

“சார், இது நம்ம பாத்திரக் கடையில பேர் வெட்டுற மெஷின் மாதிரி ஏதோ ஒண்ணு. புள்ளி புள்ளியா தெரியுது பாருங்க. பழைய கீறலெல்லாம் பாலிஷ்ல போன பிறகு அது மேல வெட்டியிருக்காங்க. பழைய எழுத்துன்னா அதுக்கு மேலதானே கீறல் இருக்கணும்?”

நான் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எழுத்தின் ஓரமெல்லாம் கூர்மையாக, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. 50 வருஷம் கையில் உரசிய எழுத்துக்கு ஓரம் மழுங்கியிருக்க வேண்டும்.

அடுத்து டயல். முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தது. டார்ச் அடித்துவிட்டு மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் பச்சைப் பசேலென்று ஜொலித்தது. பையன் பெருமையாகப் பார்த்தான். எனக்கோ அங்கேயே தெரிந்துவிட்டது. இந்தப் பூச்சின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டு வாட்ச்களுக்கும் உதவும்.

ஆரம்ப காலத்தில் ரேடியம் கலந்து பூசினார்கள். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். ஆனால் அதோடு கலந்திருக்கும் ஒளிரும் பொருள் சில பத்து வருஷத்திலேயே கெட்டுப்போய்விடும். அதனால் உங்கள் தாத்தா வாட்ச் இருட்டில் ஒளிராமல் போயிருக்கும், ஆனால் கதிர்வீச்சு இன்னமும் இருக்கும். அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், குழந்தைகள் கையில் திறந்து கொடுக்காதீர்கள். 1960-களில் ரேடியத்தை விட்டுவிட்டு ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். அதன் வீரியம் சுமார் 12 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். 50 வருஷத்தில் நாலு தடவை பாதியானால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அந்தக் காலத்து சுவிஸ் டயல்களில் அடியில் “சுவிஸ்” என்ற வார்த்தைக்கு இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் ‘டி’ என்று போட்டிருப்பார்கள், ட்ரிட்டியம் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. இன்று பூசும் பூச்சில் கதிரியக்கம் இல்லை. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் கக்கும். அது 1990-களில் வந்தது. ஆக, 71-ல் கட்டிய வாட்ச் இன்றைக்கு இப்படி ஜொலித்தால், பூச்சு புதுசு. பூச்சு புதுசாக இருந்து, டயலில் ஒரு புள்ளி கறை இல்லாமல், ‘டி’ எழுத்தும் இல்லாமல் போனால், டயலே புதிதாக அடித்தது என்றுதான் அர்த்தம்.

பிறகு மெஷின். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பொடியாக ஓர் எண் பொறித்திருக்கும், பார் என்று சொன்னேன். ரிப்பேர்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படித்தார்: 7733. வால்ஜூ என்ற சுவிஸ் கம்பெனியின் மெஷின். இது ஒன்றும் அபூர்வமானது இல்லை. பல கம்பெனிகள் இதையே வாங்கித் தங்கள் பெயர் போட்டு விற்றன. பிரிட்டிஷ் விமானப்படை 1970-களில் ஹாமில்டன், சி.டபிள்யூ.சி. போன்ற கம்பெனிகளிடம் வாங்கிய குரோனோகிராஃப்களிலும் இதே மெஷின்தான். நல்ல உழைப்பாளி மெஷின். ஆனால் முக்கியமான விஷயம், 7733 உற்பத்திக்கு வந்தது 1969-ல்.

1969-ல் பிறந்த மெஷினுக்குள் 1965 எங்கிருந்து வந்தது?

பையனுக்கு முகம் செத்துவிட்டது. “அப்ப அப்பா சொன்னதெல்லாம் பொய்யா மாமா?” என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் இல்லை, அந்த எழுத்தை வெட்டியவன் மேல். அவனுக்கு 65 யுத்தம் என்றால் இன்னும் பழசு, இன்னும் விலை. பழசாக்குகிறேன் என்று வெட்டிய ஒரு பொய், உண்மை சொன்ன ஒரு மனுஷரைச் செத்த பிறகு பொய்யர் ஆக்கப் பார்த்தது. அவர் எப்போதுமே 71 என்றுதான் சொன்னார். 65 என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 1969-ல் வந்த மெஷின் 71-ல் ஒரு பைலட்டின் கையில் இருந்திருக்கலாம். மெஷின் அவர் கதையை மறுக்கவே இல்லை.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். படையில் கொடுக்கும் வாட்ச் என்பது அரசாங்கச் சொத்து. பிரிட்டிஷ் வாட்ச்களைப் பார்த்தால் பின்மூடியில் அம்புக்குறி இருக்கும், ஸ்டோர் எண் இருக்கும். விமானப்படை என்றால் 6பிபி என்று தொடங்கும், கடற்படை என்றால் 0552. அதன் கீழே வரிசை எண்ணும் வருஷமும் இருக்கும். ஸ்டோரில் கணக்கு வைத்து, வாங்கியவன் திருப்பிக் கொடுத்தாக வேண்டிய பொருள். அப்படிப்பட்ட வாட்சை ஒரு பைலட் எப்படிக் கழட்டி இன்னொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியும்? உங்கப்பா சொன்ன கதை உண்மையாக இருக்க வேண்டும் என்றால், அது அந்தப் பைலட் சொந்தக் காசில் கடையில் வாங்கிய வாட்சாக இருக்க வேண்டும். சொந்த வாட்சில் படையின் பெயர் எதற்கு? அந்த எழுத்து இருந்தால்தான் கதை இடிக்கிறது. அது இல்லாமல் இருந்தால்தான் கதை நிற்கிறது. 4,500 ரூபாய் கொடுத்து அப்பா கதைக்கு எதிர்சாட்சி செய்து வாங்கி வந்திருக்கிறாய் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பாவம்.

இந்தச் சங்கதியில் ஏமாறுவது நம்மைப் போன்றவர்கள் மட்டும் இல்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ம் வருஷத்து மாடல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. அதுவும் குரோனோகிராஃப்தான். வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா கம்பெனியே, தன் மியூசியத்துக்காக. 2023-ல் பார்த்தால், அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று தெரிந்தது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் பங்கு இருந்தது என்று கம்பெனியே அறிவித்தது. செய்தவனே தன் பொருளை அடையாளம் தெரியாமல் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கினான் என்றால், லென்ஸ் மாட்டிய நிபுணர் சொல்வதையும் ஒரு அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

நம் ஊரில் இதற்கு ஒரு கிளைக் கதை உண்டு, எச்.எம்.டி. பைலட். 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டில் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். டயலில் “பாரா ஷாக்” என்று போட்டிருக்கிறதே, அது சிட்டிசன்காரர்களின் பெயர்தான். ஜனதா, சோனா, ஜவான் மாதிரி பைலட் என்பதும் ஒரு மாடலின் பெயர். இரண்டு பொத்தானும் கிடையாது, சின்ன வட்டமும் கிடையாது. கறுப்பு டயலில் வெள்ளை எண்கள், 17 கல், அழகான எளிமையான வாட்ச். பெயரில் பைலட் இருப்பதாலேயே விமானப்படை கொடுத்தது என்று ஆகிவிடாது. அம்பாசிடர் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் தூதர்களா? 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதையொட்டி திடீரென்று எல்லோருக்கும் அதன் மேல் பாசம் வந்தது. பாசம் வந்ததும் பெயிண்ட் வந்தது. ஆரஞ்சு, பச்சை என்று கலர் கலராகப் பைலட் டயல்கள் இன்று கிடைக்கின்றன. பெரும்பாலும் பட்டறையில் அடித்தவை. எழுத்து தடித்திருக்கும், நிமிஷக் கோடுகள் சமமாக இருக்காது, “பைலட்” என்ற வார்த்தையே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நம் வயதுக்காரர்கள் வீட்டில் அசல் பைலட் இன்னும் இருக்கும், டயலில் பழுப்புப் புள்ளிகளோடு. அந்தப் புள்ளியோடு இருக்கட்டும். அது ஈரம் ஏறியும் வியர்வை பட்டும் வந்த புள்ளி. அதை அடிக்கிற பெயிண்ட்காரன் இன்னும் பிறக்கவில்லை.

சரி, அக்கா வீட்டுக்கு வருகிறேன். பையன் போய் வீட்டில் என்ன சொன்னானோ, சாயங்காலம் அக்காவே வந்துவிட்டார்கள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

“தம்பி, அவரு பொய் சொல்ற ஆளில்ல. கொஞ்சம் கூட்டிச் சொல்வாரு, அவ்வளவுதான்.”

“நானும் அதைத்தான்க்கா சொன்னேன். வாட்ச் அவரைப் பொய்யர்னு சொல்லல. ஆனா அதுவா எழுந்து நின்னு சாட்சி சொல்ற நிலையில இப்ப இல்ல. டயல் போயிடுச்சு, பின்னாடி இருந்த கீறல் போயிடுச்சு. வேற ஏதாவது இருக்கா? பில்லு, பெட்டி, கடுதாசி?”

டப்பாவில் சர்வீஸ் புத்தகம், பென்ஷன் காகிதங்கள், பிள்ளைகளின் ஜாதகம், எல்லாம் இருந்தன. அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. ஸ்டூடியோவில் எடுத்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முழங்கை கைப்பிடிமேல். அந்தக் காலத்தில் வாட்ச் கட்டியவர்கள் எல்லோரும் போட்டோவில் அது தெரியும்படிதான் உட்காருவார்கள். பின்னால் ஸ்டூடியோ முத்திரை, அதற்குள் மையால் தேதி: 1974.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு பொத்தான் தெரிந்தது. டயலில் இரண்டு சின்ன வட்டங்களும் தெரிந்தன, வெள்ளையாக. இப்போது பையன் கையில் இருக்கும் டயலில் அவை கறுப்பு. கறுப்பு டயலில் இரண்டு வெள்ளை வட்டமாக இருந்ததைப் பெயிண்ட்காரன் ஒரே அடியாக மெழுகிவிட்டிருக்கிறான்.

அமெரிக்க நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா ஒன்று 2017-ல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதே மாடலில் வேறு வாட்ச்களும் உலகத்தில் இருக்கின்றன. இதற்கு மட்டும் அந்த விலை ஏன்? அவர் அதைக் கட்டிக்கொண்டு எடுத்த போட்டோக்கள் இருந்தன, ஜாக்கிரதையாக வண்டி ஓட்டச் சொல்லி அவர் மனைவி பின்மூடியில் வெட்டிக் கொடுத்த வாசகம் இருந்தது. நம் அக்கா வீட்டு வாட்ச் அந்த விலைக்குப் போகாது. ஆனால் சாட்சியத்தின் முறை ஒன்றுதான்.

போட்டோ என்ன சொல்கிறது? 1974-ல் இந்த வாட்ச், அல்லது இதே மாதிரி ஒரு வாட்ச், அவர் கையில் இருந்தது. யுத்தம் முடிந்து இரண்டு, மூன்று வருஷத்துக்குள். அந்தக் காலத்தில் ஒரு தரைப் பணியாளர் சம்பளத்தில் வெளிநாட்டு குரோனோகிராஃப் வாங்குவது லேசான காரியம் இல்லை. ஆக, யாரோ கொடுத்திருக்க நியாயம் இருக்கிறது. பைலட் கொடுத்தாரா என்பதைப் போட்டோ சொல்லாது. அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். முழுக்க நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்லி அவர்களைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை, பழக்கம் அப்படி.

பையன் விற்பது பற்றிக் கேட்டான். அவனுக்கும் கஷ்டம் இருக்கிறது, பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். விற்பதில் தப்பே இல்லை. ஆனால் டயல் புதிதாக அடித்தது, பின்மூடி எழுத்து சமீபத்தில் வெட்டியது, மெஷின் 7733, போட்டோவின் நகல் இது என்று எழுதிக் கொடுத்து விற்கச் சொன்னேன். விலை குறையும். “அந்த எழுத்தை மறுபடி பாலிஷ் போட்டு எடுத்துடலாமா மாமா?” என்றான். வேண்டாம், ஒரு தடவை அழித்தது போதும் என்றேன். அக்கா ஒன்றும் பேசாமல் வாட்சை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார்கள். நொடிக்கு ஐந்து தட்டு, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப விக்க வேணாம்டா. ஃபீஸுக்கு வேற வழி பாப்போம்” என்றார்கள்.

நான் ஒரு முழுத் தாள் எடுத்தேன். மெஷின் எண், டயலின் நிலை, வெட்டெழுத்து எப்போது வந்தது, போட்டோவில் என்ன தெரிகிறது, ரிப்பேர்காரர் என்ன சொன்னார் என்று தேதி போட்டு எழுதி அடியில் கையெழுத்தும் போட்டேன். அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

“பைலட் கொடுத்ததுன்னு எழுதலையே தம்பி?”

“அது நமக்குத் தெரியாதேக்கா.”

“எனக்குத் தெரியும். அவரு என்கிட்ட சொன்னாரு.”

பேனாவை மறுபடி எடுத்தேன். “1971 யுத்தத்தின்போது ஒரு பைலட் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று கணவர் சொல்லக் கேட்டதாக மனைவி கூறுகிறார்” என்று சேர்த்தேன். அதற்கு நேராக அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை நாலாக மடித்துப் போட்டோவோடு டப்பாவில் வைத்து மூடினார்கள்.